அஸ்தமனத்துக்கு ஒரு வலைப்பக்கம்

அலுவலக நடைமுறை விதி தெளிவாகவே இருக்கிறது. கோப்பில் ஒருமுறை எழுதியதை அழிக்கக் கூடாது. சுரண்டக் கூடாது, மேலே மை பூசக் கூடாது. பிழையானதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பழைய எழுத்து படிக்கும்படியாகவே விட்டு, சரியானதைக் கீழே எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும்.

வருவாய்த் துறையில் இருந்த காலம் முழுவதும் நான் இதை மீறியதில்லை. மீறிய இருவரைத் தெரியும். ஒருவருக்கு ஊதிய உயர்வு நின்றது. மற்றவர் மாற்றலாகிப் போன ஊருக்கு அப்போது பஸ் கிடையாது.

இந்த விதியைப் பின்பற்றினால் தெருக்கோடி வீட்டுக்காரரின் விரதம் கெடும் என்று மட்டும் எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஈரக் கை

கார்த்திகை மாதத்து மாலை. விடாத தூறலில் தெரு சேறாகிக் கிடந்தது. எதிர்வீட்டு சுமதியின் கூடத்தில், அவளுடைய பழைய மடிக்கணினிக்கு முன்னால் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து கடுகு தாளித்த வாசனை இன்னும் போகவில்லை.

வாசலில் குரல் கேட்டது.

"சுமதி! ஏ சுமதி! வெளிய வா."

சந்திரநாதன். நிலக்கடலை வியாபாரி. தெருக்கோடியில் வீடு. வலக்கையைத் தன் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி மழையில் நின்றார். விரல்களில் தேங்காய்ச் சட்னி.

"இன்னா மாமா, கைகூட கழுவாம?"

"கழுவ எங்க உட்ட? வானத்தப் பாரு."

பார்த்தோம். நாள்கணக்கில் மூடியிருந்த மேகம் மேற்கே சற்று விலகியிருந்தது. ராஜகிரி மலை கறுப்பாக நின்றது. அதன் விளிம்பில் மட்டும் வெளிச்சம். சூரியன் அதற்குப் பின்னால் எங்கோ.

"உன் பேஜுல இன்னும் பத்து நிமிஷம் இருக்குதுன்னு போட்டிருக்குது. நானும் நம்பி உக்காந்துட்டேன். மூணாவது தோசையில நிமிந்து பாக்குறேன், பொழுது போயே போச்சு!"

"மூணாவதா?" என்று கேட்டேன். சம்பவ அறிக்கையில் எண்ணிக்கை முக்கியம்.

"நீங்க கம்முனு இருங்க சார்."

சுமதி உள்ளே போய்க் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

மலை விழுங்கும் நேரம்

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகள் தமிழ்ச் சமணர்களுடையவை. பொழுது சாய்ந்தபின் அவர்கள் உண்பதில்லை. இருட்டில் உணவோடு சேர்ந்து சிற்றுயிர் ஏதும் வாய்க்குள் போய்விடக் கூடாது என்பது காரணம். சந்திரநாதன் வியாபாரத்தில் எடைக்கு எடை வாதாடுகிறவர். இந்த ஒன்றில் மட்டும் தன்னோடுகூட வாதாடியதில்லை.

மற்ற ஊர்களில் இதற்குப் பஞ்சாங்கம் போதும். செஞ்சியில் போதாது. ஊருக்கு மேற்கே ராஜகிரி நிற்கிறது. பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்குக் கால் மணி முன்பே சூரியன் அதன் பின்னால் போய்விடும். சாத்திரப்படி அது அஸ்தமனம்தானா என்று கேட்டால் இரண்டு பக்கமும் வாதிடலாம். உயர்நீதிமன்றம் வரை கொண்டு போகக்கூடிய விஷயம். தெருக்காரர்கள் வாதிடவில்லை. மலை விழுங்கினால் அடுப்பு அணையும். அவ்வளவுதான்.

மழைக்காலத்தில்தான் சங்கடம். சூரியனே தெரியாதபோது மலை அதை எப்போது விழுங்கியது என்று யாருக்குத் தெரியும்? அதற்காக சுமதி ஒரு வலைப்பக்கம் செய்தாள். கைபேசியில் திறந்தால் ஒரே ஒரு வரி: 'இன்று இத்தனை மணி வரை சாப்பிடலாம்.' அதன் கீழே மிச்சமிருக்கும் நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும்.

தெரு முழுக்க அதைத் திறந்து பார்க்கத் தொடங்கியது. ஆனால் அவள் அதைச் செய்தது தெருவுக்காக மட்டும் இல்லை.

அண்ணன் வைத்த கெடு

சுமதிக்கு நாற்பது கடந்துவிட்டது. திருமணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்ட எவருக்கும் பதில் தந்ததும் இல்லை. பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கணினிக் கடையில் இருந்தாள். ஊரார் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது வேலை. உரிமையாளர் ஒருநாள் கடையை மூடிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். அத்துடன் அந்த வேலை முடிந்தது.

பெற்றோர் விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள். அண்ணன் சென்னையில். ஞாயிறுதோறும் கூப்பிடுவார். அவள் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கீரை ஆய்வாள். எனவே தெருவுக்கே அந்த உரையாடல் மனப்பாடம்.

"தனியா அங்க இன்னா பண்ணப்போற? இங்க வந்துடு. ரெண்டு பசங்களையும் பாத்துக்க ஆளு இல்ல. வீட்ட வாடகைக்கு உட்டுடலாம்."

"எனக்கு இங்கயே வேலை கெடைச்சிட்டா?"

"கெடைச்சா இரு, யாரு வேணாங்கறா? சோத்துக்கு ஒரு வழி இருக்குதுன்னு காட்டு, அப்பறம் நான் வாயத் தெறக்க மாட்டேன். தை வரைக்கும் பாரு. தை பொறந்தா வந்துடு."

வீடு கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. இருவருக்கும் சம பங்கு. அவள் சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விட முடியாது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எங்கே மனு என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன்.

"சட்டம் இருக்குது சார்," என்றாள் சுமதி. "அண்ணனும் இருக்குது."

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு சிறு நிறுவனம் ஆள் தேடுவது அவளுக்குத் தெரிந்தது. கடைகளுக்கு வலைப்பக்கம் செய்து தருகிறவர்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். பட்டம் கேட்கவில்லை. வயது கேட்கவில்லை. நீங்களே செய்த, யாராவது ஒருவருக்காவது பயன்படுகிற ஒரு பக்கத்தின் முகவரியை அனுப்புங்கள் என்றார்கள். சான்றிதழ் நகல் இல்லை, சான்றொப்பம் இல்லை. எனக்கு அந்த அறிவிப்பின் மீது நம்பிக்கையே வரவில்லை.

அப்போது சுமதிக்கு வலைப்பக்கம் நிரப்பத் தெரியும். செய்யத் தெரியாது.

பிறக்காதவன்

நான் இதில் சேர்ந்த காரணம் வேறு. ஓய்வு பெற்றபின் ஏதோ ஒரு சேவைக்காக ஓர் இணையதளத்தில் என் பிறந்த தேதியைக் கொடுத்தேன். 'வருங்காலத் தேதியை ஏற்க இயலாது' என்றது. நாள் எண்ணை முன்னும் மாத எண்ணைப் பின்னும் போட்டுப் பார்த்தேன். அப்போதும் நான் பிறக்கவில்லை. புகார் எழுத உட்கார்ந்தால், எதைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை. தெரியாத நடைமுறையைக் கண்டித்துக் குறிப்பு எழுதுவது என் வழக்கம் இல்லை. எனவே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

"நைனா, உனக்கு இன்னாத்துக்கு இந்த டென்ஷன்?" என்றாள் மகள், தொலைபேசியில்.

புகார் எழுதத்தான் என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். போனை வைத்துவிட்டாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், சுமதியும் நானும் அவள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. இருவருக்கும் தெரியாது என்பதில் மட்டும் ஒத்துப்போனோம்.

எங்கே தொடங்குவது

சென்ற வாரம் வில்லங்கச் சான்று பற்றி எழுதியபோது, போகிற போக்கில் நான் வலைப்பக்கம் எழுதப் பழகியதைக் குறிப்பிட்டிருந்தேன். அதை எப்படித் தொடங்குவது என்று கேட்டு வந்த கடிதங்கள், வில்லங்கச் சான்று பற்றி வந்தவற்றைவிட அதிகம். பதில் சொல்லிவிடுகிறேன்.

கணினியில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேட் போதும். அதில் ஒரு வரி எழுதி, பெயருக்குப் பின்னால் .html என்று போட்டுச் சேமித்து, பிரவுசரில் திறந்தால் அது ஒரு வலைப்பக்கம். பணம் கட்டிச் சேர வேண்டிய வகுப்பு எதுவும் இந்த இடத்தில் தேவையில்லை.

நாங்கள் அந்த ஒரு வரிக்கே இரண்டு மாலைகளைச் செலவழித்தோம். முதல் மாலையில் நோட்பேட் எங்களுக்குத் தெரியாமல் பெயரின் வாலில் .txt என்று ஒட்டிவிட்டது. சேமிக்கும்போது 'எல்லாக் கோப்புகளும்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. இரண்டாம் மாலையில் பக்கம் திறந்தது, ஆனால் 'வணக்கம்' என்ற சொல் இருந்த இடத்தில் உலகில் எவரும் பேசாத மொழி ஒன்று இருந்தது. தமிழில் எழுதுகிறவர்கள் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே எழுத்துமுறை யூ.டி.எஃப்-8 என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். சேர்த்தோம். வணக்கம் வந்தது.

"வந்துடுச்சி சார்!" என்று சுமதி எழுந்து நின்றேவிட்டாள். நானும் எழுந்தேன். தேசிய கீதம் தவிர வேறெதற்கும் அப்படி எழுந்த நினைவில்லை.

பிறகு ஒழுங்காகப் போனோம். முதலில் எச்.டி.எம்.எல். எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று கணினிக்குச் சொல்கிற குறிகள். திறந்த குறியை மூட வேண்டும். கோப்புக் கட்டுக்குக் கயிறு போல. இரண்டாவது சி.எஸ்.எஸ். நிறம், அளவு, இடைவெளி. சுமதி இதில் ஒரு வாரம் திளைத்தாள். எனக்கு இது அலுவலகச் சுவருக்கு வெள்ளையடிக்கும் பணியாகத் தோன்றியதால் ஒதுங்கிக்கொண்டேன். மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட். பக்கம் தானாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அது இதன் வேலை.

இந்த ஜாவாஸ்கிரிப்ட் மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஜனவரி பூஜ்யம், டிசம்பர் பதினொன்று. நாள்களை மட்டும் எல்லோரையும் போல ஒன்றிலிருந்து எண்ணும். ஏன் என்று தேடியதில், முன்பு ஒருவர் அப்படிச் செய்திருந்தார், பின்னால் வந்தவர்கள் மாற்றவில்லை என்று தெரிந்தது. அந்த நொடியில் கணினி உலகம் எனக்குப் பழகிய இடமாகிவிட்டது. நான் ஏன் பிறக்கவில்லை என்பதும் ஓரளவு விளங்கியது.

தமிழிலேயே ஏராளமான பாடக் காணொளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். கை எதையும் கற்றிருக்காது. ஒன்றைப் பாருங்கள், மூடுங்கள், பார்க்காமல் அடித்துப் பாருங்கள். தப்பு வரும். எஃப்-12 விசையை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் என்ன தப்பு, எந்த வரியில் என்று சொல்லும். தணிக்கைக் குறிப்பு போல மரியாதையில்லாத நடை. ஆனால் தணிக்கையாளர்களைப் போலன்றி, வரி எண்ணைச் சரியாகச் சொல்கிறது.

கேட்டால் முழுப் பக்கத்தையும் தானே எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. சுமதி அதில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். எழுதித் தரச் சொல்ல மாட்டாள். தான் எழுதியதில் புரியாததை மட்டும் கேட்பாள். "அது எழுதிக் குடுத்தா கம்பெனியில அதையே வேலைக்கு வெச்சுக்கட்டும், எனக்கு எதுக்கு?" என்றாள்.

கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குத் தேவையான ஒன்றைச் செய்யுங்கள். பாடப் புத்தகத்தில் வரும் கற்பனைக் கடையைச் செய்தால் அது தவறாகப் போனாலும் யாரும் மழையில் வந்து நிற்க மாட்டார்கள்.

வேலைப் பங்கீடு

பக்கத்தின் நிரல் முழுக்க சுமதியுடையது. தேதிவாரியான நேரப் பட்டியல் மட்டும் நீளமானது. ஐப்பசி மாதத்தை அவள் வெயில் கண்ட நாள்களில் மொட்டைமாடியில் பார்த்துப் பார்த்து எழுதினாள். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை என்னிடம் ஒப்படைத்தாள்.

நான் பஞ்சாங்க நேரத்தை ஒரு நாளுக்கு ஒரு வரியாக ஏற்றினேன். முடித்துக் காட்டினேன்.

"சார், இது பஞ்சாங்கத்து டைமு. மலைக்குக் கால் மணி கழிக்கணும்."

"பஞ்சாங்கம்தான் ஆதாரம். மலைக்கு எந்த ஆணையும் இல்லை."

"மலைக்கு எதுக்கு சார் ஆணை? அதுபாட்டுக்கு நிக்குது."

திருத்தினேன். எப்படித் திருத்துவேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். எச்.டி.எம்.எல்லில் எழுத்தின் குறுக்கே கோடு போடவும் ஒரு குறி இருக்கிறது. ஒவ்வொரு பழைய வரியையும் அந்தக் குறியால் அடித்தேன். அதன் கீழே புதிய நேரம். பக்கத்தில் ப.மு. என்று என் சுருக்கொப்பம். திரையில் பார்க்க அவ்வளவு அழகு. சுமதியும் பார்த்தாள். அடித்த வரி அடித்த வரியாகவும், சரியான வரி சரியாகவும் இருந்தது. நல்லா இருக்குது சார் என்றாள்.

ஐப்பசியில் பக்கத்தின் முகவரியை நிறுவனத்துக்கு அனுப்பினாள். மாதம் முடிவதற்குள் பதில் தருவதாக அவர்கள் சொன்னார்கள். தரவில்லை. கார்த்திகை பிறந்து என் வரிகள் நடைமுறைக்கு வந்தன.

விசாரணை

அந்த மழை மாலைக்குத் திரும்புகிறேன். சந்திரநாதன் வாசலில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். சுமதி பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தாள். நிறுத்தினாள்.

"சார், நீங்க எதையுமே அழிக்கலியா?"

"அழிக்கக் கூடாது. அடிக்க வேண்டும்."

"நாம மனுசங்க, கோடு தெரியும். புரோகிராமு இன்னைய தேதிய மேலருந்து தேடும். மொதல்ல கெடைக்குற வரிய எடுத்துக்கும். மொதல்ல இருக்கறது நீங்க அடிச்சது சார்."

"கையெழுத்து இருக்கிறதே?"

"அதுக்குப் படிப்பு வராது சார்."

"யாரு சொல்லிக் குடுத்தா இந்த மாரி அடிக்கறதுக்கு?" என்றார் சந்திரநாதன்.

"விதி," என்றேன்.

"ஆமா சார். என் விதிதான்."

மறுநாள் முழுக்க அவர் தண்ணீரோடு இருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே. அவர் மனைவி மட்டும் தெருவில் போகிற வருகிறவர்களிடம், "நான் சொன்னா கேக்க மாட்டாரு. போன் சொன்னா கேப்பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுமதி அடித்த வரிகள் அத்தனையையும் ஒரே வீச்சில் நீக்கினாள். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு சில நாள்களில் அவள் 'கிட்' என்ற ஒரு மென்பொருளைப் பழகிக்கொண்டாள். அது ஒவ்வொரு திருத்தத்தையும், யார் செய்தது, எப்போது, எதற்காக என்ற குறிப்போடு தனியே காத்து வைக்கிறது. எதை நீக்கினாலும் பழைய வரி அங்கே அப்படியே இருக்கும். உலகமெங்கும் நிரல் எழுதுகிறவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் மாதத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. எங்கள் விதி சரிதான். அது பின்பற்றப்பட வேண்டிய இடம்தான் வேறு.

பிழை திருத்தம்

ஆனால் சுமதியின் கவலை விரதம் பற்றியது மட்டும் இல்லை.

"கம்பெனிக்காரங்க இந்த மாசம் தெறந்து பாத்திருந்தாங்கன்னா? தப்பான டைமு காட்டுற பேஜு. அதான் பதிலே வரலியோ?"

அடுத்த ஞாயிறு அண்ணன் ஒலிபெருக்கியில் வந்தார். "நீயே போயி நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுவியா? திருத்திட்டு கம்முனு இரு."

நான் நேர்மாறாகச் சொன்னேன். தவறான ஆணை வெளியாகிவிட்டால் வெளியிட்ட அலுவலகமே பிழை திருத்தம் அனுப்ப வேண்டும். ஒரு வரைவும் எழுதிக் கொடுத்தேன். 'பார்வை ஒன்றில் காணும் தங்கள் அறிவிப்பின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது' என்று தொடங்கி ஒரு பக்கம்.

அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். நாலு வரி தானே எழுதினாள். கார்த்திகை பிறந்ததிலிருந்து பக்கம் தவறான நேரம் காட்டியது. பழைய வரியையும் புதிய வரியையும் சேர்த்து வைத்திருந்ததால் பழையது படிக்கப்பட்டது. கால் மணி குறைத்துத் திருத்திவிட்டேன். இனி மாதம் பிறக்கும் முன்பே சோதித்துவிடுவேன். அவ்வளவுதான். வரிகளை ஏற்றியது யார் என்று அதில் இல்லை.

பொதுவாக மேலே இருப்பவரின் தவறு கீழே இருப்பவர் பெயரில்தான் போகும். இப்படிக் கேட்காமலேயே ஒருவர் எடுத்துக்கொள்வதை நான் பணிக்காலத்தில் கண்டதில்லை. சொல்ல நினைத்தேன். காபி ஆறிவிடும் என்றாள்.

மார்கழி முழுக்கப் பதில் இல்லை. தை பிறந்தது. அண்ணன் ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தார். பொங்கல் கழிந்த வாரத்தில் நிறுவனத்திடமிருந்து ஒன்று வந்தது. பதில் என்று அதைச் சொல்ல முடியாது. விளக்கம் கேட்கும் குறிப்பு.

'நீங்கள் திருத்தியதாகச் சொல்லும் நேரத்தைச் சரிபார்த்தோம். செஞ்சியில் அஸ்தமனம் அதற்குப் பிறகுதான் ஆகிறது. முதலில் இருந்த நேரமே சரி. உங்கள் திருத்தம்தான் தவறு. விளக்கவும்.'

அவர்கள் உட்கார்ந்திருக்கும் தெருவில் மலை இல்லை.

"போச்சு," என்றாள் சுமதி. மடிக்கணினியை மூடிவிட்டாள். "சரியா இருந்ததத் தப்பாக்கிட்டு, அத வேற லெட்டரு போட்டுச் சொல்லியிருக்கறா இவன்னு நெனைப்பாங்க."

இரண்டு இடம், ஒரு சூரியன்

மலை இருக்கிறது என்று எழுதினால் போதாது, காட்ட வேண்டும் என்பது சுமதியின் முடிவு. ஒரே நிமிடத்தில் இரண்டு இடத்திலிருந்து படம் எடுக்க வேண்டும். மலை மறைக்கிற எங்கள் தெரு ஒன்று. மலை எட்டாத ஊர் இன்னொன்று.

கிழக்கே சற்றுத் தள்ளி இருக்கும் அனந்தபுரத்துக்கு யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தபோது சந்திரநாதன் வந்தார். அவருக்கு அங்கே கடலை வாங்கும் வேலை எப்போதும் உண்டு.

"நான் போறேன். ஏரிக்கரையில நின்னா மேக்கால ஒண்ணும் மறைக்காது."

"மாமா, உங்களுக்குச் சாப்பாட்டு நேரமாச்சே," என்றாள் சுமதி.

"நாலு மணிக்கே சாப்ட்டுட்டுப் போறேன். இனிமே உங்க ரெண்டு பேர நம்பறதா இல்ல."

தை மாதத்து வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. மாலையில் நாங்கள் சுமதியின் மொட்டைமாடியில் நின்றோம். தரையில் பகல் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. கோயில் பக்கத்திலிருந்து கிளிகள் கோட்டையை நோக்கிப் பறந்தன. சூரியன் ராஜகிரியின் தோளில் உட்கார்ந்தது, பாதியானது, கீற்றானது. தெருவின் மேல் நிழல் ஓடி வந்தது.

சுமதி படம் எடுத்தாள். தொலைபேசியில் சந்திரநாதனின் குரல் காற்றோடு சேர்ந்து வந்தது.

"அங்க போயிடுச்சா?"

"போயிடுச்சி மாமா. அங்க?"

"இங்க முழுசா இருக்குது! பனமரத்துக்கு மேல இருக்குது. கண்ணு கூசுது. எட்டு படம் எடுத்துட்டேன், போதுமா?"

"ஒண்ணு போதும் மாமா!"

"எட்டும் அனுப்பறேன். உன் கம்பெனிக்காரன் இன்னும் கேட்டான்னா, நாளைக்கும் வர்றேன்."

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, எடுத்த நேரம் கீழே வரும்படி ஒரு தனிப் பக்கமே செய்துவிட்டாள் சுமதி. இதற்கு அவளுக்கு ஒரு மாலைகூட ஆகவில்லை. 'எங்கள் தெருவில் மலை உண்டு. அதனால் நேரம் முன்பு' என்று ஒரு வரி. முகவரியை அனுப்பினாள்.

பால் காய்ச்சும் நாள்

மீண்டும் மௌனம்.

அதற்குள் அண்ணன் குடித்தனம் பார்த்துவிட்டார். ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பம். வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கூடத்துச் சன்னலைத் திறந்தார்.

"மேற்குப் பார்த்து இருக்குதே. சாயந்திரம் வெயில் அடிக்குமே?"

"அடிக்காதுங்க," என்றாள் சுமதி. "மலை மறைச்சிடும்."

அவர்களுக்குத் திருப்தி. மாசி மகத்துக்கு மறுநாள் வந்து பால் காய்ச்சுவதாகச் சொல்லிப் போனார்கள். சுமதி பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். மடிக்கணினியை மட்டும் கடைசியில் எடுத்து வைப்பதாகச் சொன்னாள்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் நடைமுறை உண்டு. முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, பிறகு நேர்முகக் கடிதம். மூன்றையும் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"வேணாம் சார். அவங்களுக்குத் தேவைன்னா கூப்புடுவாங்க. காமிக்க வேண்டியதக் காமிச்சாச்சு."

அவள் அண்ணனுக்குப் பயணத் தேதியைச் சொல்லிவிட்டாள். சந்திரநாதன் அந்த வாரம் முழுக்க இந்தப் பக்கமே வரவில்லை. வந்தால் சாக்குகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பதில் மின்னஞ்சலில் வந்தது. நான் கணினியருகே இல்லை. அவளே தெருவைத் தாண்டி வந்து, கைபேசியை என் கையில் கொடுத்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். படங்களைப் பார்த்தோம், நேரம் சரி. திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்கலாமா? ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு பல் மருத்துவருக்கும் பக்கம் செய்ய வேண்டும். சம்பளம் என்ன என்பதும் அதில் இருந்தது. அரசாங்கத்தின் தொடக்கநிலைச் சம்பளம் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியப் போதும்.

என் வாசலில் நின்றபடியே அண்ணனைக் கூப்பிட்டாள். வழக்கம்போல ஒலிபெருக்கியில்.

"அண்ணா, அவங்கள நாளைக்குப் பால் காய்ச்ச வர வேணாம்னு சொல்லிடு."

"இன்னாத்துக்கு?"

"வேலை கெடைச்சிடுச்சி. லெட்டர உனக்கு அனுப்பியிருக்குறேன், பாரு."

மறுமுனையில் அவர் படித்து முடிக்கும் வரை காத்திருந்தோம்.

"அப்ப பசங்கள யாரு பாத்துக்கறது?"

"அவங்க அப்பா இருக்குறாருல்ல?"

பிறகு, "லீவுக்காவது வருவியா?" என்று கேட்டார்.

"வருவேன். ரெண்டு நாளு."

கைபேசியை அணைத்துவிட்டுச் சாக்குகளை அவிழ்க்கப் போனாள். தெருக்கோடிக்குச் செய்தி எப்படிப் போனது என்று தெரியாது. சந்திரநாதன் ஒரு முறம் வறுத்த கடலையோடு வந்துகொண்டிருந்தார்.

எங்கள் பழக்கத்தில், வரப்பெற்ற நாளைக் குறிக்காத தபால் தபாலே இல்லை. எனவே குறித்து வைக்கிறேன். அந்தப் பதில் வந்த நாள் மாசி மகம்.